மஹிந்திரா தார் வண்டிக்கு ஸ்டீல் பம்பர் வாங்குமுன் அதைக் குப்புறப் போட்டுப் பாருங்கள்

ஆஃப்ரோடு சாமான் விற்கும் கடைகளில் முன்பம்பரை எப்போதும் முகம் தெரியும்படிதான் நிறுத்தி வைத்திருப்பார்கள். கறுப்பு பவுடர் கோட்டிங், இழுவைக் கயிறு மாட்டும் சிவப்பு இரும்பு வளையம் (ஷாக்கிள்) இரண்டு, ஃபாக் லேம்புக்கு வட்ட ஓட்டைகள், நடுவில் வின்ச்சுக்கு, அதாவது மோட்டாரால் கயிற்றைச் சுற்றி வண்டியை இழுக்கும் கருவிக்கு, இடம். பார்க்கிறவர் கண் அங்கேயே நின்றுவிடும். கடைக்காரரிடம் ஒரு பழைய சாக்கை வாங்கித் தரையில் விரித்து, பம்பரைக் குப்புறக் கவிழ்த்துப் போடச் சொல்லுங்கள். நாம் காசு கொடுப்பது அந்தப் பின்பக்கத்துக்குத்தான். வண்டியின் அடிச்சட்டமான சேஸியின் நுனியைப் பிடிக்கும் இரண்டு பிராக்கெட், அவற்றின் வெல்டிங், போல்ட் ஓட்டைகள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. முகப்புத் தகடு கல்லையும் முள்ளையும் தாங்கினால் போதும். சேற்றில் புதைந்த இரண்டு டன் வண்டியை வெளியே இழுக்கும் விசை முழுவதும் அந்த இரண்டு பிராக்கெட் வழியாகத்தான் சேஸிக்குப் போய்ச் சேருகிறது.

இங்கே சொல்லும் எண்கள் 2020-இல் வந்த மூன்று கதவு மஹிந்திரா தாருக்கானவை. ராக்ஸ், ஜிம்னி, குர்கா வைத்திருப்பவர்களுக்கு எண்கள் மாறும், கணக்குப் போடும் முறை மாறாது.

பட்டறைக்குப் போகுமுன் சட்டத்தைப் பார்த்துவிடுவோம். கார்களின் முன்னால் பொருத்தும் இரும்புத் தடுப்புகளான கிராஷ் கார்டு, புல் பார்மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் எல்லா மாநிலங்களுக்கும் கடிதம் அனுப்பியது. அடிப்படை, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டி மாறக்கூடாது என்பது அதன் சாரம். 2019 திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாமல் செய்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்கிறது. கேரள எல்லை தாண்டி மலையேறப் போகிறவர்களுக்கு அங்குள்ள சோதனை எவ்வளவு கறார் என்பது தெரிந்திருக்கும். அபராதத்தைவிடப் பெரிய சிக்கல் காப்பீடு. சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காரணம் காட்டி கிளெய்மைக் குறைக்கவோ மறுக்கவோ நிறுவனத்துக்கு இடம் கிடைத்துவிடும்.

ஆகவே எங்கள் கருத்து இதுதான். தினமும் ஊருக்குள் ஓடி, மாதத்தில் ஒருநாள் மண்பாதையில் இறங்கும் வண்டிக்கு ஸ்டீல் பம்பர் வேண்டாம். கம்பெனி பம்பர் அப்படியே இருக்கட்டும். சேஸியிலேயே மாட்டும் நல்ல ரெக்கவரி பாயின்ட் (இழுவைக் கயிறு மாட்டும் கொக்கி) இரண்டு வாங்குங்கள், அதற்கே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். எஸ்டேட்டுக்குள் ஓடும் வண்டி, போட்டிக்காகத் தயாராகி டிரெய்லரில் ஏறிப் போகும் வண்டி, கல்லும் சேறும் வாராவாரம் பார்க்கும் வண்டி, இவற்றுக்குத்தான் மேற்கொண்டு சொல்வது பொருந்தும்.

தாரின் கம்பெனி பம்பர் அப்படி ஒன்றும் மோசமில்லை. ஏறுகோணம், அதாவது பம்பர் இடிக்காமல் ஏறக்கூடிய சரிவு, 41.8 டிகிரி. பல ஸ்டீல் பம்பர்கள் இதைக் கூட்டுவதற்குப் பதிலாகக் குறைக்கின்றன. அடியில் ஒரு வளைந்த குழாயை அழகுக்கென்று தொங்கவிட்டிருப்பார்கள், அதுதான் முதலில் பாறையில் இடிக்கும். வாங்குமுன் இதை அளந்துவிடலாம். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, முன்டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து டயரின் முன்வளைவை ஒட்டினாற்போல ஒரு நூலைப் பம்பரின் கீழ்விளிம்புவரை இழுத்துப் பிடியுங்கள். நூலோடு போனை ஒட்டிவைத்துக் கோணமானி ஆப்பைத் திறந்தால் டிகிரி தெரிந்துவிடும். கம்பெனி பம்பரோடு ஒருமுறை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அதே மாடல் பம்பர் மாட்டிய இன்னொரு வண்டி கிடைத்தால் அதிலும் அளந்து பாருங்கள். டயர் அளவும் சஸ்பென்ஷன் உயரமும் ஒன்றாக இருந்தால்தான் அந்த ஒப்பீடு செல்லும்.

இப்போது குப்புறக் கிடக்கும் பம்பருக்கு வருவோம்.

பிராக்கெட் தகட்டின் கனத்தை வெர்னியரால் அளந்து பாருங்கள். முகப்பு 3 மி.மீ. இருந்தால் போதும். பிராக்கெட்டும் வின்ச் தட்டும் 6 மி.மீ. வேண்டும், 5-க்குக் கீழே என்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். சில பட்டறைகளில் இது தலைகீழாக இருக்கும். தட்டிப் பார்க்கும்போது கனமாகக் கேட்கட்டும் என்று முகப்பை 5 மி.மீ.-இல் செய்துவிட்டு, பிராக்கெட்டை மிச்சம் கிடந்த 4 மி.மீ. துண்டில் வெட்டியிருப்பார்கள். அடுத்து, பிராக்கெட் முகப்போடு சேரும் மூலையில் முக்கோண முட்டுத் தகடு இருக்கிறதா என்று பாருங்கள். நேராக இழுக்கும்போது அதற்குப் பெரிய வேலை இல்லை. பக்கவாட்டில் 30 டிகிரி சாய்த்து இழுக்கும்போது ஏறக்குறைய முழு விசையும் ஒரே பிராக்கெட்டில் விழும், கூடவே அதை மடக்கவும் பார்க்கும். முட்டுத் தகடு இல்லாத பிராக்கெட் அப்போதுதான் வளையும்.

வெல்டிங்கைப் பார்க்க டார்ச் அடியுங்கள். பிராக்கெட்டைச் சுற்றி இருபக்கமும் வெல்டிங் விடாமல் ஓடியிருக்க வேண்டும். முகப்புத் தகடுகள் சேரும் இடத்தில் விட்டுவிட்டுப் பற்றவைத்திருந்தால் பரவாயில்லை, விசை போகும் வழியில் அது கூடாது. வெல்டிங் ஓரமாகத் தகட்டில் பள்ளம் விழுந்திருந்தால் கரன்ட் அதிகம் வைத்துத் தகட்டைத் தின்றுவிட்டார்கள் என்று அர்த்தம். வெல்டிங் உருண்டு தனியாகத் தகட்டின்மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தால் கரன்ட் போதவில்லை, உள்ளே பிடித்திருக்காது. முகப்பில் கிரைண்டர் போட்டு வழவழப்பாக்குவது வழக்கம். பிராக்கெட்டில் கிரைண்டர் ஓடியிருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

ஷாக்கிள் மாட்டும் காதுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் கொடுங்கள், உயிர் போகிற இடம் அது. இந்த அளவு வண்டிகளுக்கு வழக்கமாகப் பயன்படுத்தும் 3/4 அங்குல வில் ஷாக்கிளின் வேலைச்சுமை 4.75 டன். அதன் வாயை மூடும் ஆணி 22 மி.மீ. தடிமன், வாய் ஏறக்குறைய 32 மி.மீ. அகலம். அதற்குப் பொருந்த, காது 20 முதல் 25 மி.மீ. தடிமனில் ஒரே கட்டித் தகடாக இருக்க வேண்டும். ஓட்டைக்கும் காதின் வெளிவிளிம்புக்கும் நடுவே குறைந்தது ஓட்டையின் விட்டமளவு இரும்பு மிஞ்ச வேண்டும். முன்னாலிருந்து பார்த்தால் எல்லாக் காதும் ஒன்றுபோலவே தெரியும். பின்னால் பார்த்தால்தான் வித்தியாசம். நல்ல பம்பரில் அந்தத் தகடு முகப்பில் வெட்டிய துளை வழியே உள்ளே நுழைந்து, முன்னும் பின்னும் பற்றவைக்கப்பட்டு, நேரே பிராக்கெட்டோடு சேர்ந்திருக்கும். மட்டமானதில் 3 மி.மீ. முகப்பின்மேல் காதை வெளியே ஒட்டவைத்திருப்பார்கள். ரப்பர் போல நீண்டு சுருங்கும் மீள்கயிற்றில் ஜெர்க் கொடுத்து இழுக்கும்போது அந்த முகப்பே பப்படம் மாதிரி பிய்ந்து, காதும் ஷாக்கிளுமாகச் சேர்ந்து எதிரில் இழுக்கும் வண்டியின் கண்ணாடியை நோக்கிப் பறக்கும். காதும் பிராக்கெட்டும் நேர்க்கோட்டில் இல்லாத பம்பரை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

எடையை வாங்குமுன் நீங்களே கணக்கிடலாம், கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டியதில்லை. ஒரு சதுர மீட்டர் இரும்புத் தகடு, ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிமனுக்கும் 7.85 கிலோ. முழு அகலப் பம்பருக்கு மடிப்பெல்லாம் சேர்த்து ஒன்றரைச் சதுர மீட்டர் பிடிக்கும் என்று வையுங்கள். 3 மி.மீ. என்றால் 35 கிலோ, 5 மி.மீ. என்றால் 59 கிலோ. பிராக்கெட், வின்ச் தட்டு, குழாய் வளையம் தனி.

தராசு காட்டும் எடையோடு விஷயம் முடிவதில்லை. பம்பர் முன் ஆக்ஸிலுக்கு வெளியே தொங்குகிறது. பம்பரும் வின்ச்சும் சேர்ந்து 90 கிலோ, அவற்றின் கனமையம் முன் ஆக்ஸிலுக்கு 70 செ.மீ. முன்னால் என்று கொள்வோம். தாரின் வீல்பேஸ் 245 செ.மீ. 90-ஐ 315-ஆல் பெருக்கி 245-ஆல் வகுத்தால் 116 வருகிறது. நீங்கள் ஏற்றியது 90 கிலோ, முன்சக்கரங்கள் சுமப்பது 116 கிலோ. மிச்ச 26 கிலோ பின்னாலிருந்து குறைகிறது. ஈரத் தரையில் பின்பக்கம் வழுக்குவது கூடினால் அதற்கு இதுவும் காரணம். முன்னால் பக்கத்துக்கு 58 கிலோ. சக்கரத்தில் உணரும் ஸ்பிரிங் விறைப்பு மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன் என்று ஓர் உதாரணத்துக்கு வைத்தால், முன்பக்கம் 19 மி.மீ. இறங்கிவிடும். ஏறுகோணத்தைக் கூட்டத்தான் பம்பர் வாங்கினோம், அதன் எடையே அந்தக் கோணத்தில் ஒரு பங்கைத் திருப்பி எடுத்துக்கொள்கிறது.

இந்தத் தாரில் முன்னால் டபுள் விஷ்போன், காயில் ஸ்பிரிங். வண்டி இறங்கினால் சக்கரம் சாயும் கோணமும் (கேம்பர்) உள்ளே வெளியே திரும்பும் கோணமும் (டோ) மாறி டயர் ஓரம் தேயும். ஸ்பிரிங்குக்கு அடியில் ஸ்பேசர் வைத்து உயரத்தை மட்டும் மீட்கிறவர்கள் பலர். விறைப்பு கூடாததால் குழியில் விழும்போது சஸ்பென்ஷன் பழையபடி அடிவரை போய் இடிக்கும். கூடுதல் நிலைச்சுமைக்கென்று செய்த ஸ்பிரிங்கும் அதற்கேற்ற ஷாக் அப்சார்பரும் போடுவதுதான் சரி. 2010 முதல் 2020 வரை வந்த பழைய தாரின் சி.ஆர்.டி.இ. மாடலில் முன்னால் டார்ஷன் பார் (முறுக்கினால் ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பி) இருந்தது, அதில் போல்ட்டைத் திருகி உயரத்தைச் சரிசெய்யலாம். அதிலும் விறைப்பு மாறுவதில்லை.

வின்ச் இல்லாவிட்டால் இவ்வளவு கனமான பம்பரே தேவையில்லை. அதனால் வின்ச் போடுவதா வேண்டாமா என்று முதலில் முடிவெடுங்கள். பொதுக் கணக்கு, ஆளும் சாமானும் ஏறிய வண்டி எடையின் ஒன்றரை மடங்கு. தாருக்கு 9,500 பவுண்டு, அதாவது சுமார் 4,300 கிலோ வின்ச் தாராளம். இந்த வகை வின்ச்களின் நான்கு போல்ட் ஓட்டைகள் 10 அங்குலத்துக்கு 4.5 அங்குலம் என்ற அளவில் இருக்கும். பம்பரின் தட்டிலும் அதே அளவு இருக்கிறதா என்று டேப்பால் அளந்துவிடுங்கள். 4,300 கிலோ என்பது டிரம்மில் கயிற்றின் முதல் அடுக்குக்கு மட்டுமே உரிய எண். அடுக்கு ஏற ஏற இழுவை குறையும். நான்காம் அடுக்கில் மூன்றில் இரண்டு பங்கு மிஞ்சினால் அதிகம். வின்ச்சின் கிளட்சை விடுவிக்கும் நெம்புகோல் கைக்கு எட்டும்படி பம்பரில் திறப்பு இருக்க வேண்டும், பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். ஸ்பேனர் போட்டு பம்பரைக் கழற்றினால்தான் கிளட்சைத் தொட முடியும் என்ற நிலையில் வின்ச் இருந்து பயனில்லை.

இரும்புக் கம்பிக் கயிற்றைவிட செயற்கை இழைக் கயிறு நல்லது. அறுந்தால் கம்பிக் கயிறு அளவுக்குச் சவுக்காகத் திரும்பி அடிக்காது, உருளை வைத்த வழிகாட்டியும் சேர்ந்து போவதால் ஏறக்குறைய பத்துக் கிலோ குறையும். இழைக் கயிறு வெளியே வரும் இடத்தில் வழவழப்பான அலுமினிய வாய் வேண்டும். இரும்புக் கம்பி ஓடிக் கீறல் விழுந்த பழைய உருளையில் இழைக் கயிற்றை ஓட்டினால் அந்தக் கீறலே கயிற்றை அறுத்துவிடும். முழுச்சுமையில் இந்த வின்ச் 400 ஆம்பியர்வரை இழுக்கும். 35 சதுர மி.மீ.-க்குக் குறையாத கேபிள், பேட்டரிக்குப் பக்கத்திலேயே மின்சாரத்தை முழுதாகத் துண்டிக்கும் ஒரு ஐசொலேட்டர் சுவிட்ச், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க ஒரு நிமிடத்துக்குமேல் தொடர்ந்து இழுக்காமை, இந்த மூன்றையும் விட்டுக்கொடுக்காதீர்கள். பம்பரின் கூர்மையான தகட்டு விளிம்பில் கேபிள் உரசும் இடத்தில் ரப்பர் வளையம் போடாமல் விட்டதால் வண்டி எரிந்துபோவது நடக்கக்கூடிய விஷயம். அந்தக் கேபிளில் ஃபியூஸ் கிடையாது.

அடுத்தது ஏர்பேக். இந்தத் தார் 2020 நவம்பரில் குளோபல் என்கேப் அமைப்பின் மோதல் சோதனையில் நான்கு நட்சத்திரம் வாங்கியது. அது மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் கம்பெனி முகப்போடு மோதி வாங்கிய மதிப்பெண். நவீன வண்டிகளில் பிளாஸ்டிக் பம்பருக்குப் பின்னால் ஒரு குறுக்குச் சட்டமும், அதைச் சேஸியோடு இணைக்கும் நசுங்கும் பாகமும் இருக்கும். மோதலில் அது நசுங்கும்போது வண்டியின் வேகம் எவ்வளவு சட்டெனக் குறைகிறது என்பதை வைத்துத்தான் ஏர்பேக் கணினி எப்போது பையை விரிப்பது என்று முடிவெடுக்கிறது. 6 மி.மீ. தகட்டைச் சேஸியில் இறுக்கிவிட்டால் நசுங்கவேண்டியது நசுங்காது. சிறு மோதலே பெரிதாகத் தெரிந்து பை சீக்கிரம் விரியலாம், விரியவேண்டிய நேரம் தவறிப்போகவும் செய்யலாம். ஆஸ்திரேலியாவில் கங்காரு மோதலுக்காக இந்தப் பம்பர்கள் சாதாரணம். அங்கே இதற்கென்றே ஏ.எஸ். 4876 என்ற தரநிலை இருக்கிறது, ஏ.ஆர்.பி. போன்ற நிறுவனங்கள் மாடலுக்கு மாடல் நசுங்கும் பிராக்கெட் வடிவமைக்கின்றன. நம் ஊர்ப் பட்டறைப் பம்பர்கள் பெரும்பாலும் இந்தச் சோதனை எதையும் பார்த்திருக்காது. கடையில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: குறுக்குச் சட்டத்தைக் கழற்றிவிட்டு மாட்ட வேண்டுமா, வைத்துக்கொண்டே மாட்டலாமா? கழற்ற வேண்டும் என்றால், குடும்பம் ஏறும் வண்டியில் அதைப் போடாதீர்கள். நடந்து போகிறவர்களை நினைத்துப் பார்த்தாலும் இதே முடிவுக்குத்தான் வரவேண்டியிருக்கிறது. பிளாஸ்டிக் உறை மனிதக் காலுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், வளைந்த இரும்புக் குழாய் கொடுக்காது.

முழு அகலமா, குட்டையா என்பது போகும் நிலத்தைப் பொறுத்தது. பாறையில் ஏறுகிறவர்களுக்குக் குட்டைப் பம்பர். டயர் முன்னால் திறந்திருப்பதால் முதலில் ரப்பர்தான் கல்லைத் தொடும், எடையும் குறைவு. உண்ணிச்செடியும் சீமைக்கருவேலமும் மண்டிய பாதையில் போகிறவர்களுக்கு முழு அகலம்தான் சரி, இல்லாவிட்டால் வீல் ஆர்ச் பிளாஸ்டிக்கைக் குச்சி பெயர்த்துவிடும். எதுவானாலும் ரேடியேட்டர், இன்டர்கூலருக்குக் காற்றுப் போகும் வழியை அடைக்கக்கூடாது. மலையில் லோ ரேஞ்ச் கியரில் ஊர்ந்து ஏறும்போது எஞ்சின் சூடு ஏறினால் முதலில் வின்ச்சுக்குப் பின்னால் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள். நம்பர் பிளேட் மறையக்கூடாது.

மாட்டும் வேலை இரண்டு பேர் சேர்ந்தால் அரைநாள். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிப் பத்து நிமிடம் விடுங்கள், ஏர்பேக் மின்தேக்கிகள் வடியட்டும். வீல் ஆர்ச் லைனர் திருகுகள், மேல் கிளிப்புகள், பிறகு ஃபாக் லேம்ப் கனெக்டர். உறையை இழுக்குமுன் கனெக்டரைக் கழற்ற மறந்தால் ஒயர் பிய்ந்துவிடும். கழற்றிய பம்பர், கிளிப், திருகு எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள். வண்டியை விற்கும்போதும் எஃப்.சி.-க்குப் போகும்போதும் தேடுவீர்கள்.

சேஸியும் பிராக்கெட்டும் ஒட்டும் பரப்பில் இருக்கும் பவுடர் கோட்டிங்கைச் சுரண்டி எடுத்துவிட்டு மெல்லிய ஜிங்க் பிரைமர் மட்டும் அடியுங்கள். தடித்த கோட்டிங் நடுவில் மாட்டிக்கொண்டால் நாளடைவில் அது நசுங்கி, இறுக்கிய போல்ட் தானாகத் தளர்ந்துவிடும். இரண்டு தகட்டையும் நகராமல் பிடிப்பது போல்ட்டின் இறுக்கம் தரும் உராய்வுதான், அது போய்விட்டால் ஓட்டைக்குள் போல்ட் ஆடித் தேயும். நீள்வட்ட ஓட்டைக்குச் சாதாரண வாஷர் போதாது, உள்ளே குழிந்துவிடும். 4 மி.மீ. தடிமனில் தட்டு வாஷர் வெட்டிப் போடுங்கள். போல்ட் தலையில் அதன் வலிமைத் தரமாக 8.8 அல்லது 10.9 என்று பொறித்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் முதலில் கையால் மட்டும் திருகி, பம்பரை ஜாக்கியில் தாங்க வைத்து, இடைவெளி சரிபார்த்த பிறகு, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச். தயாரிப்பாளர் எண் கொடுத்திருந்தால் அதுவே கணக்கு. இல்லாவிட்டால் எம்12 (12 மி.மீ.) போல்ட்டில் 8.8-க்குச் சுமார் 80 நியூட்டன் மீட்டர், 10.9-க்குச் சுமார் 115.

இடைவெளி விஷயத்தில் அழகு பார்க்காதீர்கள். தார் சேஸிமேல் பாடியை ரப்பர் மவுண்ட் வைத்து உட்காரவைத்த வண்டி. பம்பர் சேஸியோடு நகரும், கிரில்லும் ஃபெண்டரும் பாடியோடு நகரும். ஒரு சக்கரம் கல்மேல், எதிர்மூலைச் சக்கரம் குழியில் என்று வண்டி முறுக்கும்போது இரண்டும் தனித்தனியே அசையும். கடையில் ஒட்டி உட்கார்ந்த மாதிரி அழகாக இருக்கும் பம்பர், முதல் பயணத்திலேயே ஃபெண்டர் பெயின்டைக் கடித்திருக்கும். 15 மி.மீ. விட்டால் கண்ணை உறுத்தும், வண்டி பிழைக்கும்.

வேலையைத் தொடங்குமுன் சுவருக்கு 7.5 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, லோ பீம் விழும் கோட்டை மாஸ்கிங் டேப்பால் குறித்துவிடுங்கள். பம்பர் ஏறிய பிறகு, அதே டயர் காற்று, அதே டீசல் அளவோடு அதே இடத்தில் நிறுத்திப் பார்த்தால் வெளிச்சம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தெரியும். ஸ்பிரிங் மாற்றியிருந்தால் வெளிச்சம் ஏறியிருக்கும், எதிரில் வருகிறவர் கண்ணில் அடிக்கும். வீல் அலைன்மென்ட்டை அன்றே செய்ய வேண்டாம், 200 கி.மீ. ஓடி ஸ்பிரிங் அமர்ந்த பிறகு செய்யுங்கள்.

இறுக்கிய ஒவ்வொரு நட்டின்மேலும் தகட்டின்மேலும் சேர்த்து மஞ்சள் பெயின்ட் பேனாவால் ஒரே கோடு இழுத்துவிடுங்கள். 500 கி.மீ. கழித்து ஒருமுறை, அதன்பின் வின்ச் போட்டு இழுத்த ஒவ்வொரு நாள் சாயங்காலமும், பம்பரைக் கழுவிவிட்டு டார்ச்சோடு குனிந்து பாருங்கள். கோடு உடைந்திருந்தால் நட்டு திரும்பியிருக்கிறது. கோடு நேராக இருந்தும் பிராக்கெட் ஓரத்தில் துருப்பொடி செம்பழுப்பாக வடிந்திருந்தால் தகடுகள் உள்ளே உரசுகின்றன. அந்தப் போல்ட்டை இறுக்கிவிட்டு விடாதீர்கள். கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.